ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்

2003ஆம் ஆண்டு மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போனதும் தேவசகாயத்தின் வேனில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

உள்ளே பன்னீர்செல்வம், காசியம்மாள், திருக்கழுக்குன்றத்துத் துணிக்கடைக்காரர் ஒருவர் என மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்குமே சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் செவ்வாயும் வெள்ளியும் எட்டு மணிக்கு அவர்களுக்கு டயாலிசிஸ். தாமதமாகப் போனால் மிஷினில் கிடைக்கும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் உடம்பில் தேங்கிய நீர் முழுவதும் இறங்காது. இறங்காத நீர் அடுத்த முறைக்குள் நெஞ்சில் ஏறிவிடும். இதெல்லாம் வேனில் இருந்த எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே யாரும் தேவசகாயத்தை அவசரப்படுத்தவில்லை. முன் சீட்டில் இருந்த பன்னீர்செல்வம் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“என்னப்பா சகாயம், உன் வண்டிக்கும் ஒரு மிஷின் போடச் சொல்லலாமா?”

பன்னீர்செல்வம் கல்பாக்கத்து ஆராய்ச்சி மையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அணுபுரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். இந்த ஏற்பாட்டையே அவர்தான் செய்தார். ஆளுக்கொரு டாக்ஸி பிடிப்பதைவிட நோயாளிகள் சேர்ந்து ஒரு வேன் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் பேசி, 2001 கடைசியில் தேவசகாயத்தைக் கண்டுபிடித்தார்.

தேவசகாயத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. திருப்போரூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறருடைய வயலில் நட்டு, பிறருடைய வயலில் அறுத்து வாழ்ந்தார்கள். ஒரு சென்ட் நிலம் சொந்தம் கிடையாது. அவர் பதினாறு வயதில் ஜல்லி லாரியில் கிளீனராக ஏறினார், இருபத்திரண்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தொண்ணூறுகளில் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினார். 1998இல் ஒப்பந்தக்காரர் மாறினார். புதியவர் இளவட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டார். கையில் வந்ததைப் போட்டு ஒரு பழைய டீசல் வேனை வாங்கிக்கொண்டு பூஞ்சேரியில் மனைவி சந்திரம்மாவின் வீட்டோடு வந்து சேர்ந்தார். இத்தனை வருடத்தில் ஏற்றியவர்களை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட ஒரே பெருமை.

அன்று கால் மணி நேரம் எஞ்சினை ஆறவிட்டார். ஈரத் துணியை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, பாதி திருகி, ஆவியை வெளியே விட்டு, பிறகு முழுவதும் திறந்தார். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை எடுத்தார். எஞ்சினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். கொதித்துக் கிடக்கும் எஞ்சினில் மொத்தமாக ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். எட்டரைக்கு மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது.

அந்தக் கேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் மழை பொய்த்து இரண்டாவது வருடம். பூஞ்சேரி பக்கம் அடிபம்பில் வந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். குளிக்கலாம், துணி துவைக்கலாம், அதிலும் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் லாரியில் வாரம் இரண்டு முறை வரும், வீட்டுக்கு நான்கு குடம். அதில் ஐந்து லிட்டரைத் தேவசகாயம் வண்டிக்கு என்று எடுத்து வைத்தார். வண்டியின் வாட்டர் பம்பில் மெல்லிய கசிவு இருந்ததால் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு லிட்டராவது ஊற்ற வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துப்போகும் என்பது லாரிக்காலத்துப் பாடம். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறவர் என்று காலனியில் அவரைக் கேலி பேசினார்கள். சந்திரம்மா கேலி பேசவில்லை, நேராகவே திட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை.

கேன் இருந்த பின் சீட்டில் உட்காருகிறவள் காசியம்மாள். வயது முப்பத்தாறு. மணமையில் ஏறுவாள். கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவள். இரத்த அழுத்தம் இருந்ததே தெரியாமல் பல வருடம் ஓடிவிட்டது. தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. அவளுடைய புருஷன் சின்னையன் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் தோட்டக்காரன். புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவன் வேலை.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மருந்தைவிட முக்கியமானது தண்ணீர்க் கணக்கு. குடிப்பது வெளியே போகாது, உள்ளேயே நிற்கும். காசியம்மாளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். டீ, ரசம் எல்லாம் அதற்குள். சின்னையன் காலையில் ஒரு சோடா பாட்டிலில் அளந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடத்தை மரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவான். அதோடு விடவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி, என் பொண்டாட்டி தண்ணீர் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். ஒரு வீட்டில், பெண்டாட்டிக்குத் தண்ணீர் மறுக்கிறவன் வாசலில் நிற்கக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் அந்த வீட்டுக்கே மறுபடி போய்க் கேட்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் காசியம்மாளின் எடை ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு கிலோ ஏறி வரவேண்டியவள் நாலு, நாலரை என்று வந்தாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. டயாலிசிஸ் பிரிவை நடத்திய சியாமளா சிஸ்டர் சின்னையனை வரவழைத்துக் கேட்டார். அரை லிட்டர்தான் கொடுக்கிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். எடை மிஷின் வேறு சொல்கிறது என்றார் சிஸ்டர். நாலு மணி நேரத்தில் நாலரை கிலோ நீரை உறிஞ்சினால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும், கால் நரம்பு சுருட்டி இழுக்கும். காசியம்மாளுக்கு இரண்டுமே நடந்துகொண்டிருந்தன. இப்படியே போனால் இதயம் தாங்காது என்று சிஸ்டர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். தேவசகாயம் அப்போது வாசலில் நின்றிருந்தார்.

நோயாளிகள் மிஷினில் இருக்கும் நாலு மணி நேரம்தான் அவருக்கு வண்டி பார்க்கக் கிடைத்த நேரம். பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருந்த ஜெபசிங்கிடம் போனார். ஜெபசிங் முப்பது வயதுக்காரன், வேலையில் சுத்தம், வாயில் அது கிடையாது. முதல் செவ்வாய் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். லூசாக இருந்தது. புது பெல்ட் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, நல்ல வெயிலில், அதே புளியமரத்துக்கு முன்னால் மறுபடி சூடேறியது. அடுத்த செவ்வாய் எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ஓடவிடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிந்தான் ஜெபசிங். இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்பது அவன் கொள்கை. பலன் இல்லை. வெள்ளியன்று ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மூடி புதிதாகப் பளபளத்தது, வண்டி பழையபடி கொதித்தது.

மூன்றாவது செவ்வாய் ஐம்பது நிமிடம் தாமதம். எல்லோருக்கும் மூன்று மணி நேரம்தான் மிஷின். காசியம்மாளுக்கு நடுவிலேயே அழுத்தம் சரிந்து, வாந்தி எடுத்து, இரண்டரை மணி நேரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒன்று வண்டியைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள் என்று சிஸ்டர் தேவசகாயத்திடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது அதிகம் உறைத்தது.

அவர் நேராக ஷெட்டுக்குப் போய், இன்று என்ன இருந்தாலும் பிரித்துவிடு என்றார். தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று ஜெபசிங் பயந்தான். எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார்கள். ஆயில் வெளுக்கவில்லை. கேஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது. அப்போது தேவசகாயம் எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளங்கையை ரேடியேட்டரின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். மேலே கை வைக்க முடியவில்லை. நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ச்சி. கீழே பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. சூடான தண்ணீர் இறங்கவே இல்லை.

ரேடியேட்டரைக் கழற்றி, பக்கத்துக் கடையில் பற்றவைப்பை உருக்கி மேல்தொட்டியைப் பிரித்தார்கள். குழாய் வாய்களில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. ஜெபசிங் நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினான்.

“இன்னா அண்ணாத்த, கடல்லேர்ந்து மொண்டு ஊத்திக்கினு கீறியா?”

தேவசகாயத்துக்கு முகம் சிவந்தது. நல்ல தண்ணீரைத் தவிர வேறு ஒன்றை இந்த வண்டி பார்த்ததில்லை என்றார். ஜெபசிங் வாதாடவில்லை. வேனிலிருந்து கேனை எடுத்து வந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினான். வாயில் விட்டதும் தேவசகாயத்துக்குத் தெரிந்துவிட்டது. முழு உப்பும் இல்லை, முழு நல்ல தண்ணீரும் இல்லை. யாரோ கலந்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கேனைத் தூக்கியிருக்கிறார். ஒருநாள்கூட வாயில் விட்டுப் பார்த்ததில்லை. வண்டிக்கு வைத்த தண்ணீரை யார் ருசி பார்ப்பார்கள்?

குழாய்களில் கம்பி விட்டுக் குத்தி, கழுவி, மறுபடி பற்றவைத்து மாட்டி முடிக்கும்போது மணி மூன்று. நோயாளிகள் வராண்டாவில் காத்திருந்தார்கள். திரும்பும் வழியில் வண்டி ஒரு முறைகூடச் சூடேறவில்லை. பன்னீர்செல்வம் பாராட்டினார். தேவசகாயத்தின் யோசனை கேனிலேயே இருந்தது. யார் செய்தது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்குள் போனதும் சந்திரம்மாவைக் கேட்டார். நல்ல தண்ணீரைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு கேனில் அடிபம்பு தண்ணீரை நிரப்பி வைத்தாயா என்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“எனுக்கு வேணும்னா ஒன் எதிர்லயே எட்த்துக்குவேன். திருட்டுத்தனமா பண்ண எனுக்கு இன்னா தலையெழுத்து?”

“வேற யாரு வருவா நம்ம வூட்டுக்கு?”

“வண்டி வூட்லயா நிக்கிது நாள் முச்சூடும்? போய் ஒன் வண்டிய கேளு.”

அவர் நம்பவில்லை. அன்று இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனாலும் அவர் வண்டி பார்க்கிற முறையிலேயே இதையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தானே குடத்திலிருந்து கேனை நிரப்பி, ருசி பார்த்து, மூடி, தன் கையாலேயே பின் சீட்டுக்கு அடியில் வைத்தார். செங்கல்பட்டில் மூவரையும் இறக்கிவிட்டு உடனே எடுத்துக் குடித்துப் பார்த்தார். உப்பு. கேன் நிறைந்திருந்தது, கழுத்து வரை. பூஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரும் வழியில், ஓடுகிற வண்டிக்குள் தண்ணீர் மாறியிருந்தது.

அடுத்த செவ்வாய் மணமை தாண்டியதும் மேலே இருந்த கண்ணாடியைப் பின் சீட்டுக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். புதுப்பட்டினம் வரும் வரை காசியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி திரும்பியதும் செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்தாள். கேனை மடிக்கு இழுத்து, மூடியைத் திறந்து, வாயை வைத்துக் குடித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். அது தாகத்துக்குக் குடிக்கிற குடியாக இல்லை, பல நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அதிலிருந்த அடிபம்பு தண்ணீரைக் கேனில் ஊற்றி நிரப்பினாள். மூடினாள். பழைய இடத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பால் கேனின் மேல் சிந்தியதைத் துடைத்தாள். அணுபுரத்தில் பன்னீர்செல்வம் ஏறும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேவசகாயத்துக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. வண்டியின் கோளாறும் புரிந்தது, எடை மிஷின் சொன்னதும் புரிந்தது. போகும்போதும் வரும்போதும் குடித்திருக்கிறாள். குறைந்தது தெரியக்கூடாது என்பதற்காகத் தான் குடிக்க முடியாத தண்ணீரை வீட்டிலிருந்து சுமந்து வந்து ஊற்றியிருக்கிறாள். அந்த உப்பு திரும்பும் பயணத்தில் அவள் வயிற்றுக்கே போயிருக்கிறது. உப்பு போனால் தாகம் இன்னும் ஏறும். ரேடியேட்டரில் படிந்தது பாதிதான்.

யாரிடம் சொல்வது என்று அன்று முழுவதும் யோசித்தார். சிஸ்டரிடம் சொன்னால் எல்லார் முன்னாலும் அவளை விசாரிப்பார்கள். சின்னையனிடம் சொன்னால் அவன் உடைந்துபோவான். அவளிடமே சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கேனை டிரைவர் சீட்டுக்கு அடியில், தன் கால்மாட்டில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். எஞ்சினுக்கு எங்கே அடைப்பு என்று மூன்று வாரம் தேடிய மனிதர், இவளுடையதை ஒரு கேனை நகர்த்தி முடித்துவிட்டதாக நினைத்தார்.

அன்று புதுப்பட்டினம் திருப்பத்தில் காசியம்மாள் குனிந்ததைக் கண்ணாடியில் பார்த்தார். கை கொஞ்ச நேரம் சீட்டுக்கு அடியில் துழாவியது. பிறகு நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தாள். 

வீட்டில் அன்று மாலை சந்திரம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, என் மேல் சொன்னதை முதலில் வாபஸ் வாங்கு என்றாள். வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: கேனை எடுத்துவிட்டாய், அவள் தாகத்தை எங்கே எடுத்து வைத்தாய்? 

செவ்வாய்க்கிழமை மணமை நிறுத்தத்தில் காசியம்மாள் இல்லை. சின்னையன் மட்டும் நின்றிருந்தான். காய்ச்சல், வெள்ளிக்கிழமை வருவாள் என்றான். ஒரு முறை விட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இருந்தும் வழியில் காத்திருந்த மற்ற இருவர் மூச்சுக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் தேவசகாயம் கிளம்பிவிட்டார். சிஸ்டர், எப்படியாவது நாளைக்கே கூட்டி வரச் சொல்லுங்கள் என்றார். மாலையில் தேவசகாயம் போய்ச் சொன்னார். சின்னையன் தலையை ஆட்டினான். கதவு சாத்தியிருந்தது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை நிறுத்தத்தில் யாருமே இல்லை. தேவசகாயம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தெருவுக்குள் நடந்தார். வீட்டுக்குள் காசியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பது பார்த்ததுமே தெரிந்தது. முகம் ஊதிக் கண் சிறுத்திருந்தது. கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி. வர மாட்டேன் என்கிறாள் என்று சின்னையன் அழுதான். பெட்டிச் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்தான்.

தேவசகாயம் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். சின்னையனை டீ வாங்கி வா என்று அனுப்பினார்.

“ஏம்மா இப்டி பண்ற? வண்டி ரோட்டோரமா நிக்கிது. எழுந்திரு.”

அவள் நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கிப் பேசினாள்.

“ஊசி குத்துறதுக்கு யாருணா வருவா? நான் ஒன் வண்டில வந்ததே அந்தத் தண்ணிக்குத்தான். செவ்வாக்கெழம எப்ப வரும்னு பாத்துக்கினு கெடப்பேன். நீ எட்த்துட்ட. அப்பறம் எனுக்கு அங்க இன்னா வேல?”

 அவள் குரலில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

“தண்ணிக்கு நான் வழி பண்றேன். ஒன் வூட்டுக்காரனுக்குத் தெரியாது, நான் சொல்லல. இப்ப வண்டில ஏறு.”

“மொதல்ல வழிய பண்ணு,” என்றாள் அவள். எழுந்து நடக்க அவளால் முடியவில்லை.

வண்டிக்கு வந்து உதவிக்குப் பன்னீர்செல்வத்தின் மகனுக்குப் போன் போடலாமா, அவளைத் தெருவிலிருந்து கொண்டுவர ஆட்டோ பிடிக்கலாமா என்றெல்லாம் பார்த்தார். மணமையில் அந்த நேரத்தில் எதுவும் கிடைக்கவில்லை. சின்னையனும் அவரும் சேர்ந்து தூக்கி முன் சீட்டில் வைக்கப் பார்த்தார்கள். அவள் சேலையைக் கதவு நிலையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். ஊதிய கையிலிருந்து அந்தத் துணியைப் பிரிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர் அணுபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் போய் மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு, அந்தப் பாதையில் என்றைக்கும் ஓட்டாத வேகத்தில் ஓட்டினார்.

மருத்துவமனையில் சியாமளா சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கேனை, பாட்டிலை, கண்ணாடியை. சிஸ்டர் முழுவதும் கேட்டார்.

“பாத்தது எப்ப?”

“போன வாரம் செவ்வாக்கெழம.”

“பத்து நாள். அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, மிஷின் ஓடுற முதல் மணி நேரத்துல ஒரு டம்ளர் நானே குடுத்திருப்பேன். கூடவே ரெண்டு ஐஸ் கட்டி. அது மிஷினோட போயிடும். அவ என்கிட்ட கேட்டதே இல்ல.”

தன்னிடமும் கேட்டதில்லை என்று தேவசகாயம் நினைத்துக்கொண்டார்.  சிஸ்டர் பதினோரு மணிக்கு ஒரு மிஷினை ஒதுக்கி வைத்து, உடனே போய்க் கூட்டி வரச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் உண்டு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றார்.

முப்பத்தைந்து கிலோமீட்டர் காலி வேனை ஓட்டிக்கொண்டு திரும்பினார். இந்த முறை காசியம்மாள் மறுக்கவில்லை. மறுக்க மூச்சு இல்லை. சின்னையன் அவளைத் தாங்கியபடி நடுச் சீட்டில் உட்கார்ந்தான். கிளம்பும் முன் தேவசகாயம், அன்று காலை சந்திரம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றி, சிஸ்டர் கொடுக்கச் சொன்னார் என்று நீட்டினார். சின்னையன் திகைத்துப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்குள் இருமல் வந்துவிட்டது. நுரையோடு வெளியே வந்தது. மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அணுபுரம் வருவதற்குள் பாதி அவள் மடியில் சிந்தியிருந்தது.

பதினொன்றேகாலுக்கு மிஷினில் போட்டார்கள். ஒன்றரை மணிக்கு இதயத் துடிப்பு தடுமாறியது. இரண்டு மணிக்குச் சிஸ்டர் வராண்டாவுக்கு வந்தார். சின்னையனிடம் சொல்லும்போது அவனுடைய தோளில் கையை வைத்துக்கொண்டார். பன்னீர்செல்வம் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

அவளைத் தேவசகாயத்தின் வேனில்தான் கொண்டு வந்தார்கள். அதற்கு வேறு வண்டி பிடிக்கச் சின்னையனுக்குத் தெம்பு இல்லை. பன்னீர்செல்வமும் துணிக்கடைக்காரரும் நாங்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றார்கள். தேவசகாயம் கேட்கவில்லை, அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் மணமைக்குப் போனார்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, தேவசகாயமும் சந்திரம்மாவும் போனார்கள். சந்திரம்மா உள்ளே பாத்திரம் கழுவப் போனாள். சின்னையன் மரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். தப்பு தன்னுடையது என்றான். தான் அசந்து தூங்கிய நேரத்தில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் குடித்திருக்கிறாள், அதனால்தான் எடை ஏறியது, கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், எத்தனை நாள் இப்படி நடந்ததோ என்றான். ஒரு வாரமாக இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேவசகாயம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் உன் குடத்தைத் தொடவே இல்லை, அவள் குடித்தது என் வண்டியில் இருந்த தண்ணீர் என்றார். எப்போது தெரிந்தது என்பதையும், தெரிந்தபின் தான் என்ன செய்தார் என்பதையும் சொன்னார். சின்னையன் எழுந்து அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்திருந்தார். சின்னையன் கேட்டது வேறு.

“எம்மாங் குடிப்பா?”

“ஒரு லிட்டர் இருக்கும். போறப்ப ஒண்ணு, வரப்ப ஒண்ணு.”

“நல்ல தண்ணியாணா?”

பிரித்து வைத்த ரேடியேட்டரின் வெள்ளை ஏடு தேவசகாயத்தின் கண்ணுக்கு முன் வந்தது.

“நல்ல தண்ணிதாம்பா. லாரி தண்ணி.”

சின்னையன் தலையை ஆட்டினான். கொஞ்சம் கழித்து மறுபடியும் ஆட்டினான்.

“வயிறு ரொம்ப குடிச்சிருக்கா,” என்றான்.